வங்கி வெட்டிய வட்டிக்காசும் வராத நிவாரணமும்: மல்லாவிக் கேள்வி ஒன்றுக்கு விரிவான பதில்

மல்லாவியில் இருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். அப்பா ஓய்வுபெற்ற ஆசிரியர். பணிக்கொடையும் கனடாவில் இருந்து சித்தப்பா அனுப்பியதும் சேர்ந்து 50 லட்சம் நிலையான வைப்பில் கிடக்கிறது. மாதா மாதம் வட்டியில் பத்து வீதம் வரியென்று வெட்டுகிறார்கள். தம்பி ஒரு தொண்டு நிறுவனத்தில் ஆறு மாதம் வேலை செய்தான், அவன் சம்பளத்திலும் வெட்டினார்கள், இப்போது வேலை இல்லை. புதுக்குடியிருப்பில் பெரியம்மாவுக்கு வெள்ள நிவாரணம் பாதிதான் வந்தது, அரசின் நலன்புரிக் கொடுப்பனவான அஸ்வெசுமவிலும் பெயர் இல்லை. வயலுக்கு உரமானியம் யாருக்கு வரும் என்று அண்ணனுக்கும் காணிக்காரருக்கும் இழுபறி. "எதை எங்கே, எந்தத் திகதிக்கு முன் கேட்பது?" என்பது கேள்வி.

தங்கச்சி, அப்பாவின் விசயத்தில் இருந்து தொடங்குகிறேன். தொகையும் பெரிது, தீர்ப்பதும் இலகு.

இலங்கையில் வரி ஆண்டு ஏப்ரல் 1இல் தொடங்கி அடுத்த மார்ச் 31இல் முடிகிறது. 2025 ஏப்ரலில் இருந்து ஒருவருடைய ஆண்டு வருமானத்தில் முதல் 18 லட்சத்துக்கு வரி இல்லை. அதற்கு முன் இந்த எல்லை 12 லட்சம். அதே நாளில் இருந்துதான் வங்கி வட்டியில் பிடிக்கும் முற்பண வரியும் 5 வீதத்தில் இருந்து 10 வீதமானது. வங்கிக்கு உங்கள் அப்பாவின் மொத்த வருமானம் தெரியாது. அதனால் எல்லோரிடமும் ஒரே மாதிரிப் பத்து வீதத்தைப் பிடித்து உள்நாட்டு இறைவரித் திணைக்களத்துக்கு அனுப்பிவிடும். உண்மையில் வரி உண்டா இல்லையா என்பது பிறகு பார்க்கும் கணக்கு. அந்தக் கணக்கை நாம் கேட்டால்தான் பார்ப்பார்கள்.

அப்பாவின் கணக்கு இதோ. அரசாங்க ஓய்வூதியத்துக்கு வருமான வரி விலக்கு உண்டு, அதைச் சேர்க்க வேண்டாம். வட்டி 8 வீதம் என்று வைத்தால் 50 லட்சத்துக்கு ஆண்டுக்கு 4 லட்சம். வயலில் லாபம் இருந்தால் அதையும் கூட்டுங்கள். எப்படிக் கூட்டினாலும் 18 லட்சத்துக்குக் கிட்டவும் வராது. ஆகவே அவர் கட்டவேண்டிய வரி பூச்சியம். வங்கியோ 40,000 ரூபாவை வெட்டியிருக்கும். ஓய்வுபெற்ற ஒருவருக்கு அது சின்னக் காசு இல்லை.

இனி வெட்டாமல் இருக்க ஒரு வழி உண்டு. ஆண்டு வருமானம் 18 லட்சத்தைத் தாண்டாது என்று அப்பா ஒரு சுயபிரகடனப் படிவத்தில் கையெழுத்திட்டு வங்கியில் கொடுக்கவேண்டும். அதற்கு வரி செலுத்துநர் அடையாள இலக்கம், அதாவது டின் இலக்கம், தேவை. இரண்டு வங்கியில் வைப்பு இருந்தால் இரண்டிலும் கொடுக்கவேண்டும். முக்கியமாக, ஒவ்வொரு வரி ஆண்டுக்கும் புதிதாகக் கொடுக்கவேண்டும். போன வருடம் கொடுத்தது இந்த வருடத்துக்குச் செல்லாது. ஏப்ரல் முதல் கிழமையிலேயே போய்விடுங்கள். கொடுத்த நாளில் இருந்துதான் வெட்டு நிற்கும், அதற்கு முன் வெட்டியதை வங்கி திருப்பித் தராது. அது ஏற்கெனவே திணைக்களத்துக்குப் போய்விட்ட காசு.

டின் எடுத்தால் வரி கட்டவேண்டி வரும் என்ற பயம் நம்முடைய பக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது. அந்தப் பயத்தால் டின் எடுக்காமல் இருந்து, கட்டத் தேவையில்லாத வரியைத்தான் மாதா மாதம் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். டின் ஒரு பதிவு இலக்கம் மட்டும். வரி வருமானத்தைப் பொறுத்து வரும். திணைக்களத்தின் இணையத்தளத்தில் அடையாள அட்டைப் பிரதியோடு பதியலாம், யாழ்ப்பாணப் பிராந்திய அலுவலகத்திலும் கேட்கலாம். பதிய முன் 1944க்கு எடுத்து, அப்பாவின் பெயரில் ஏற்கெனவே ஒரு இலக்கம் உண்டா என்று விசாரியுங்கள்.

இந்த வேலையை கொமினிகேசன் கடையில் கொடுத்துச் செய்விப்பீர்கள் என்று தெரியும். செய்வியுங்கள், அதில் பிழை இல்லை. ஆனால் பதிவில் போடும் தொலைபேசி இலக்கமும் மின்னஞ்சலும் உங்கள் வீட்டினுடையதாக இருக்கவேண்டும். அவசரத்தில் கடைக்காரர் தன்னுடையதைப் போட்டுவிட்டால், பிறகு வரும் கடவு இலக்கமும் அறிவித்தலும் அவருக்குப் போகும். இரண்டு வருடம் கழித்து அந்தக் கடை அந்த இடத்தில் இருக்குமா என்று யார் கண்டது?

சரி, ஏற்கெனவே வெட்டிய காசு? அதைத் திணைக்களத்திடம் மீளப் பெறவேண்டும். வங்கியில் அந்த வரி ஆண்டுக்கான வட்டி, வெட்டிய வரி இரண்டையும் காட்டும் சான்றிதழைக் கேளுங்கள். மாதாந்த வைப்பு ரசீதுகளின் கட்டு அதற்கு ஈடாகாது. பிறகு இணையவழியில் அப்பாவின் வருமான வரிப் படிவத்தை நிரப்பவேண்டும். வருமானம் இவ்வளவு, வரி பூச்சியம், ஏற்கெனவே பிடித்தது 40,000 என்று காட்டினால் அந்த 40,000 மீளளிப்பாக நிற்கும். காசு போய்ச் சேரவேண்டிய வங்கிக் கணக்கு அப்பாவின் பெயரில் இருக்கட்டும். 2024/25 ஆண்டிலும் வெட்டியிருந்தால் அதற்குத் தனிப் படிவம். அந்த ஆண்டுக்கு வீதம் 5, எல்லை 12 லட்சம். அந்தக் கணக்கிலும் அப்பாவுக்கு வரி வராது, அந்த 20,000 ரூபாவையும் கேட்கலாம்.

அந்தப் படிவத்தில் சொத்து, கடன் விபரம் கேட்கும் பகுதி ஒன்று இருக்கிறது. அங்கேதான் நம் ஆட்கள் பேனையை வைத்துவிடுகிறார்கள். வீடு, காணி, உழவு இயந்திரம், நகை, வங்கியில் உள்ளது எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். சொத்து இருப்பதற்காக வருமான வரி வராது. கேட்கக்கூடிய ஒரே கேள்வி, இது எப்படி வந்தது என்பது. கனடாவில் இருந்து சித்தப்பா குடும்பத்துக்கென்று அனுப்பிய காசு அப்பாவின் வருமானம் இல்லை, அதை வைப்பில் போட்டு வரும் வட்டிதான் வருமானம். ஆனால் அதைக் காட்ட ஒரு துண்டு வேண்டும். வங்கி வழியாக வந்திருந்தால் வங்கி தந்த பற்றுச்சீட்டு போதும். உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள்வழியாக, வந்திருந்தால் காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. வன்னியில் உண்டியல் ஏன் பழக்கமானது என்று எனக்கும் தெரியும், வங்கிகள் இயங்காத வருடங்களில் அதைவிட்டால் வேறு வழி இருக்கவில்லை. இன்று அந்தக் காரணம் இல்லை. சித்தப்பாவிடம் இனி வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள், பற்றுச்சீட்டுகளை ஒரு கோப்பில் போடுங்கள்.

தம்பியின் கணக்கு இன்னும் தெளிவு. 2025 ஏப்ரலில் இருந்து மாதச் சம்பளம் 150,000ஐத் தாண்டும்போது முதலாளி வரியைப் பிடிக்கிறார். தம்பி மாதம் 2 லட்சம் வாங்கினான் என்று வைத்தால், தாண்டிய 50,000க்கு 6 வீதம், அதாவது 3,000 ரூபா. ஏப்ரல் முதல் செப்டெம்பர் வரை ஆறு மாதத்துக்கு 18,000. ஒவ்வொரு மாதமும், இதே சம்பளம் பன்னிரண்டு மாதமும் வரும் என்ற நினைப்பில் பிடிக்கப்பட்டது அது. அவனுக்கோ அந்த ஆண்டில் மொத்தமாக வந்தது 12 லட்சம். 18 லட்சத்துக்குள் நிற்பதால் வரி பூச்சியம், 18,000மும் அவனுக்குத் திரும்ப வேண்டியது. அந்த ஆண்டு முடியும் முன் வேறு வேலை கிடைத்திருந்தால் அந்தச் சம்பளத்தையும் கூட்டிப் பார்க்கவேண்டும்.

வெளியேறும் ஊழியரிடம் நான் எப்போதும் சொல்வது, ரி-10 சான்றிதழை வாங்காமல் இருக்காதீர்கள் என்பதுதான். பிடித்த வரியைக் காட்டும் தாள் அது. வன்னியில் திட்டங்கள் முடிந்தால் அலுவலகமும் மூடப்படும். கண்ணிவெடி அகற்றலில், வீட்டுத் திட்டங்களில், வாழ்வாதாரத் திட்டங்களில் வேலை செய்த எத்தனையோ பிள்ளைகளுக்குச் சான்றிதழ் கேட்பதற்கு ஒரு கதவு இல்லாமல் போகிறது. தம்பியின் நிறுவனத்துக்குக் கொழும்பில் தலைமை அலுவலகம் இருந்தால் இன்றைக்கே ஒரு மின்னஞ்சல் போடச் சொல்லுங்கள்.

இனித் திகதி. வருமான வரிப் படிவத்துக்கு இறுதி நாள், ஆண்டு முடிந்து வரும் நவம்பர் 30. 2025/26க்கு அது 2026 நவம்பர் 30. வரி கட்டவேண்டியவர்கள் ஓகஸ்ட் 15, நவம்பர் 15, பெப்ரவரி 15, மே 15 என்று நான்கு தவணையாகக் கட்டி, மிச்சத்தை செப்டெம்பர் 30க்குள் முடிக்கவேண்டும். உங்கள் வீட்டில் இப்போதைக்கு யாருக்கும் அது தேவையில்லை. ஆனால் படிவம் தரச்சொல்லி திணைக்களத்தில் இருந்து அறிவித்தல் வந்தால், வரி பூச்சியமென்றாலும் குப்பையில் போடவேண்டாம். படிவம் கொடுக்கத் தவறியதற்கான தண்டம் 50,000 ரூபாவில் தொடங்கி மாதத்துக்கு 10,000 வீதம் ஏறக்கூடியது.

நவம்பர் 30 என்ற நாளைப் பற்றி ஒரு வார்த்தை. கொழும்புக்கு அது சாதாரண நாளாக இருக்கலாம், வன்னிக்கு அது வெள்ளத்தின் நாள். 2024இலும் நவம்பர் கடைசியில்தான் வெள்ளம் வந்தது. 2025இல் டித்வா புயலும் நவம்பர் 27, 28இல்தான் அடித்தது. மின்சாரம் இல்லை, சிக்னல் இல்லை, வீட்டுக்குள் தண்ணீர். அந்தக் கிழமையில் படிவம் நிரப்பலாம் என்று யாரும் நினைக்கவேண்டாம். மே மாதத்துக்குள் வங்கிச் சான்றிதழையும் ரி-10ஐயும் எடுத்து, வைகாசியில் வரும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கல் முடிந்த கையோடு படிவத்தை அனுப்பிவிடுங்கள். காசு திரும்ப வரவேண்டியவர் எவ்வளவு முந்திக் கொடுக்கிறாரோ அவ்வளவு முந்தி வரிசையில் நிற்பார்.

பெரியம்மாவின் வெள்ள நிவாரணத்துக்கு வருகிறேன். டித்வாவுக்குப் பிறகு அறிவித்த கொடுப்பனவுகளில் வீட்டைத் துப்புரவு செய்ய 25,000 ரூபாவும், வீட்டுச் சாமான் வாங்க 50,000 ரூபாவும் வெவ்வேறு. இரண்டும் ஒரே காசின் இரண்டு தவணை என்று பலர் நினைத்துக் காத்திருக்கிறார்கள். முதலாவது கிடைத்தால் மற்றது தானாக வரும் என்று எடுக்க முடியாது. சேதத்தைக் கிராம அலுவலர் எப்படிப் பதிந்தார், பிரதேச செயலகம் அதை எந்தப் பட்டியலில் போட்டது என்பதைப் பொறுத்திருக்கிறது. ஆகவே பெரியம்மா முதலில் கேட்கவேண்டியது "காசு எப்ப வரும்" என்று இல்லை. "இரண்டாவது பட்டியலில் என் பெயர் இருக்கிறதா, இல்லாவிட்டால் ஏன் இல்லை" என்று கேட்கவேண்டும். அதைக் கிராம அலுவலரிடம் வாயால் கேட்டுவிட்டு வராதீர்கள். பிரதேச செயலாளருக்கு எழுத்தில் கொடுங்கள், இரண்டு பிரதி கொண்டுபோய் ஒன்றில் திகதி முத்திரை போட்டு வாங்குங்கள். மேன்முறையீட்டுக்கு நாள் முடிந்தது என்று பிறகு யாராவது சொன்னால், உங்களிடம் இருக்கும் ஒரே பதில் அந்த முத்திரைதான்.

பதில் வராவிட்டால் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். ஒவ்வொரு பிரதேச செயலகத்திலும் கச்சேரி என்று சொல்லும் மாவட்டச் செயலகத்திலும் ஒரு தகவல் அலுவலர் இருப்பார். தமிழிலேயே எழுதிக் கொடுக்கலாம், ஏன் கேட்கிறீர்கள் என்று காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைத் தருவதா இல்லையா என்பதை 14 வேலை நாளுக்குள் அவர் முடிவெடுக்கவேண்டும். "என் வீட்டின் சேத மதிப்பீட்டில் என்ன எழுதப்பட்டிருக்கிறது" என்று ஒரு வரி கேட்டாலே போதும், பல கோப்புகள் அசையும். நம் சனம் இந்தச் சட்டத்தைப் போதுமான அளவு பாவிப்பதில்லை. அலுவலரோடு சண்டை பிடிப்பதாக நினைத்து ஒதுங்குகிறார்கள். கேட்பதற்கென்றே தந்த படிவத்தில் கேட்பது சண்டை இல்லை.

அஸ்வெசும 2023 ஜூலையில் தொடங்கியது. 2025 ஜனவரியில் இருந்து வறிய குடும்பத்துக்கு 10,000, மிக வறிய குடும்பத்துக்கு 17,500 என்று மாதத் தொகை உயர்ந்தது. 70 வயது தாண்டிய முதியவருக்கு 5,000, மாற்றுத்திறனாளிக்கும் சிறுநீரக நோயாளிக்கும் 10,000 தனி. சிறுநீரக நோய் வவுனியாப் பக்கத்தில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். அந்தக் கொடுப்பனவைக் கேட்காமல் இருக்கும் வீடுகள் இருந்தால் சொல்லிவிடுங்கள்.

தெரிவு நடப்பது, கல்வி, சுகாதாரம், பொருளாதாரம், சொத்து, வீடு, குடும்ப நிலை பற்றிய 22 சுட்டிகளுக்குப் புள்ளி போட்டு. பெரியம்மா விழுந்தது இந்த இடத்தில்தான் என்று நினைக்கிறேன். அரசாங்கமோ தொண்டு நிறுவனமோ கட்டித்தந்த கல்வீடு, மகன் விட்டுப்போன பழைய மோட்டார் சைக்கிள், மின் இணைப்பு இதெல்லாம் தாளில் வசதியாகத் தெரியும். போரில் எல்லாவற்றையும் இழந்து, கிடைத்த வீட்டில் தனியாக இருக்கும் ஒரு விதவைத் தாயின் உண்மை நிலை புள்ளியில் தெரியாது. இது அந்த முறையில் உள்ள குறை என்றே நான் சொல்வேன். ஆனால் குறையென்று சொல்லிக்கொண்டு வீட்டில் இருந்தால் பெயர் வராது. மேன்முறையீட்டில் ஒவ்வொன்றாக எழுதுங்கள்: வீடு எந்தத் திட்டத்தில் வந்தது, மோட்டார் சைக்கிள் ஓடுகிறதா, வருமானம் எங்கிருந்து, மருந்துச் செலவு எவ்வளவு, கிளினிக் கொப்பியின் பிரதி. மேன்முறையீடு என்பது தனக்குக் கிடைக்கவில்லை, அல்லது குறைந்த வகுதியில் போட்டுவிட்டார்கள் என்று கேட்பது. ஆட்சேபனை என்பது தகுதியில்லாத இன்னொருவர் பெயரைப் பற்றிச் சொல்வது. இரண்டையும் மாறி நிரப்பிவிட்டு வந்தால் அது பெரியம்மாவுக்கு உதவாது. காலக்கெடுவை நலன்புரி நன்மைகள் சபை அவ்வப்போது அறிவிக்கும். பிரதேச செயலக அறிவித்தல் பலகையைப் பார்க்க ஊரில் ஒருவரைச் சொல்லி வையுங்கள்.

எல்லாவற்றிலும் கழுத்தைப் பிடிப்பது பெயர்தான். 2009இல் ஓடி ஓடி, கடைசியில் கையில் ஒரு பையும் இல்லாமல் முகாமுக்குப் போன சனம் நாங்கள். பிறகு எடுத்த பிறப்புச் சான்றிதழில் ஒரு எழுத்து, அடையாள அட்டையில் வேறொரு எழுத்து, வங்கிப் புத்தகத்தில் முதலெழுத்து மாறி இருக்கும். பட்டியலில் பெயர் இருந்தும் கணக்குக்குக் காசு போகாமல் திரும்புவது பெரும்பாலும் இதனால்தான். பெரியம்மாவின் அடையாள அட்டையையும் வங்கிப் புத்தகத்தையும் பக்கத்தில் வைத்து எழுத்தெழுத்தாகப் பாருங்கள். வித்தியாசம் இருந்தால் நிவாரணம் வரும்வரை காத்திராமல் இப்போதே வங்கியில் திருத்துங்கள்.

வயல் விசயம் சுருக்கமாக. நெல்லுக்கான உரமானியம் ஹெக்டேயருக்கு 25,000 ரூபா, இரண்டு ஹெக்டேயர் வரை. கமநல சேவை நிலையப் பதிவில் அந்தப் போகத்துக்குச் செய்கைக்காரராக யார் பெயர் இருக்கிறதோ அதை வைத்துத்தான் நடக்கும். காணி காணிக்காரருடையது, வேர்வை அண்ணனுடையது, பதிவு யாருடையது என்பதை விதைப்புக்கு முன் கமக்காரர் அமைப்புக் கூட்டத்திலேயே பேசி முடிக்கவேண்டும். விதைத்த பிறகு பேசினால் மனத்தாங்கல்தான் மிஞ்சும். பயிர் அழிவு இழப்பீட்டுக்கும் இதே பதிவுதான் அடிப்படை. 2024 வெள்ளத்துக்கு நெல்லுக்கு ஏக்கருக்கு 40,000 வரை என்று அறிவித்தபோது, பதியாமல் குத்தகைக்குச் செய்தவர்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். தண்ணீர் வடிய முன் வயலின் படத்தை, பின்னால் ஊர் தெரியும்படி எடுத்து வையுங்கள். யானை அழித்தாலும் அதே. உடனே கமநல சேவை நிலையத்துக்கு அறிவியுங்கள், அழிந்ததை உழுதுவிட்டுப் போய்ச் சொல்லாதீர்கள்.

வட்ஸ்அப்பில் "நிவாரணம் பெற இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று வருவதை அப்பாவும் பெரியம்மாவும் தொடவேண்டாம். எந்தத் திணைக்களமும் காசு போடுவதற்காக உங்கள் வங்கி அட்டையின் இரகசிய (PIN) இலக்கத்தையோ தொலைபேசிக்கு வரும் ஒருமுறைக் கடவு இலக்கத்தையோ கேட்காது. கணக்கு இலக்கம் போதும்.

இப்போது முதல் வேலையாக அப்பாவின் டின் இலக்கத்தை 1944இல் விசாரியுங்கள், அது கிடைத்தவுடன் சுயபிரகடனத்தோடு வங்கிக்குப் போங்கள். அதே கிழமையில் பெரியம்மாவின் கடிதத்தைப் புதுக்குடியிருப்புப் பிரதேச செயலகத்தில் முத்திரை போட்டு வாங்குங்கள். அஸ்வெசுமவுக்கு 1924, வெள்ளம் வரும்போது அனர்த்த முகாமைத்துவ நிலையத்துக்கு 117. எந்த இலக்கத்துக்கு எடுத்தாலும் பேசியவரின் பெயரையும் திகதியையும் ஒரு கொப்பியில் எழுதிக்கொள்ளுங்கள், அடுத்த முறை எடுக்கும்போது அதில் இருந்து பேச்சைத் தொடங்கலாம்.